கட்டை விரலுக்குக் காவல் யார்?

கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றாகிய தேவனூர் நாட்டில், மிளகும் காப்பியும் குச்சிக்கிழங்கும் வைத்துப் பிழைக்கும் ஒரு குடியானவர் வீட்டில் திருடன் கொண்டுபோவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள், சுவரில் கன்னம் வைத்து உள்ளே புகும் பழைய காலத்துத் திருடனையே இன்னும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்மணிக்கு மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேருகிறது. வீட்டுக்காரருக்கு விவசாயி என்ற முறையில் மத்திய சர்க்காரின் உதவித் தொகை ஆண்டுக்கு மூன்று தவணைகளாக வருகிறது. நூறு நாள் வேலைக்குப் போன கூலியும் 2024 ஜனவரி 1 முதல் ஆதாருடன் பிணைத்த கணக்கின் வழியாகவே தரப்படும் என்று விதிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் பெறும் பொருட்டு அவர்கள் தம் பெயர், முகவரி, செல்போன் எண், பத்து விரல்களின் ரேகை, இரு கண்களின் படம் ஆகிய அனைத்தையும் முன்கூட்டியே ஒப்படைத்தாக வேண்டியிருந்தது. அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள் என்று சொல்லுவது நியாயமாகாது. கொடாவிட்டால் அரிசியும் இல்லை, கூலியும் இல்லை என்ற நிர்ப்பந்தத்தின் பேரில் கொடுத்தார்கள்.

ஆகவே இன்று அந்த வீட்டில் களவாடத் தக்க பொருள் வீட்டுக்குள்ளே இல்லை. மலைக்குக் கீழே, அந்தக் குடியானவர் போயறியாத ஊர்களில், பெயர் கேட்டறியாத ஸ்தாபனங்களின் கம்ப்யூட்டர்களில் அது இருக்கிறது. அங்கே எத்தகைய பந்தோபஸ்து செய்யப்பட்டிருக்கிறது, யார் யார் அதைத் திறந்து பார்க்க அதிகாரம் பெற்றவர்கள், எத்தனை பேரிடம் அதன் நகல் போயிருக்கிறது என்பவை எவையும் அவருக்குச் சொல்லப்பட்டதில்லை. இருந்தும், ஜாக்கிரதை பற்றிய உபதேசம் மட்டும் முழுக்க முழுக்க அவரை நோக்கியே செய்யப்படுகிறது: ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்கைத் தொடாதீர்கள், ஏமாறாதீர்கள். இந்த உபதேசம் தவறானதன்று, சொல்லத்தான் வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் களவைப் பற்றிய பேச்சு இத்துடன் முடிந்துவிடுமானால், பொருளைக் கட்டாயப்படுத்தி வாங்கி வைத்துக்கொண்டவர்கள் விடுபட்டுப் போகிறார்கள்; பறிகொடுத்தவரே குற்றவாளியாக நிற்கிறார். நம்மிடமிருந்து வாங்கி வைத்தவர்களே அதைக் காக்கவும், காவல் தவறினால் ஒளிக்காமல் சொல்லவும், நஷ்டத்தை ஈடு செய்யவும் கடமைப்பட்டவர்கள் என்பதே என் கட்சி.

மலையில் ஒரு நியாய விலைக் கடையின் முன்னே அரை நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு இந்த விஷயத்தின் மற்றொரு பக்கம் விளங்கும். கடைக்காரர் கையடக்கமான ஒரு யந்திரத்தை நீட்டுகிறார்; அதன் கண்ணாடியில் ஒரு சிறு வெளிச்சம் எரிகிறது; வயது முதிர்ந்த ஓர் அம்மாள் தம் கட்டை விரலை அதன்மீது அழுத்துகிறார். கிழங்கு தோண்டியும், மிளகுக் கதிரை உதிர்த்தும், சாமையும் தினையும் குத்தியும், விறகு கட்டியும் ஐம்பது அறுபது ஆண்டுகள் உழைத்த விரல் அது; அதன் ரேகைகள் தேய்ந்து, தோல் வெடித்து, வெடிப்புகளுக்குள் மண் ஏறிக் கறுத்திருக்கிறது. “ஆயா, ரேகை விழல. கையத் தொடச்சுட்டு அடுத்த வெரல வைங்க” என்கிறார் கடைக்காரர். அம்மாள் முந்தானையில் விரலைத் தேய்த்துத் துடைத்து மறுபடியும் வைக்கிறார். “அஞ்சு வெரலும் வெச்சாச்சு சாமி, பொறவு எந்த வெரல வெக்கறது?” என்று அவர் கேட்கும்போது அந்தக் குரலில் கோபம் இல்லை, ஒரு கூச்சம் இருக்கிறது, தம் கைதான் ஏதோ பிழை செய்துவிட்டது போன்ற கூச்சம். இடையில் செல்போன் அலை அறுந்துபோனால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைக்காரர் பொறுமையுள்ளவராயின் கண் பார்க்கும் கருவியையோ வேறு வழியையோ கைக்கொண்டு அரிசியைக் கொடுத்து அனுப்புகிறார்.

உயிரோடு முன்னே நிற்பவரின் சொந்த விரலையே நம்ப மறுக்கும் இத்தகைய யந்திரங்கள், அதே விரலின் ரப்பர் அச்சை நம்பி ஏற்றுக்கொண்ட சந்தர்ப்பங்கள் நம் தேசத்தில் நிகழ்ந்திருக்கின்றன. 2018 இல் தெலங்கானாவில் ஒருவர், நிலப் பதிவு இலாகாவின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி வைக்கப்பட்டிருந்த கிரயப் பத்திரங்களை இறக்கிக்கொண்டு, அவற்றில் விற்றவரும் வாங்கியவரும் பதித்த விரல் ரேகைகளை, முத்திரை செய்யும் முறையிலேயே அச்சுகளாக வார்த்து, அவர்கள் பெயரில் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார். 2023 இல் கர்நாடகத்தில் சொத்துப் பதிவு செய்துகொண்ட பலர், பத்திரம் கைக்கு வந்த சில நாட்களில் தம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருப்பதைக் கண்டார்கள். பதிவுத் துறையின் காவேரி இணையதளத்திலிருந்த தஸ்தாவேஜுகளிலிருந்து அவர்களுடைய ரேகைகள் எடுக்கப்பட்டிருந்தன. இவ்விரு சம்பவங்களிலும் பூட்டை உடைத்த மேதாவி எவனும் இல்லை. சர்க்கார் இலாகா ஒன்று, பிரஜைகளின் கைரேகையை வீதியில் வைத்துவிட்டுப் போயிருந்தது; வழியில் வந்தவன் எடுத்துக்கொண்டான்.

பணம் போன வழியையும் விளக்கிச் சொல்ல வேண்டும். ஆதார் எண்ணும், வங்கியின் பெயரும், விரல் ரேகையும் இருந்தால் போதும், ஏ.டி.எம். கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம், வங்கி முகவர் ஒருவர் ஒரு சிறு யந்திரத்தைக் கொண்டு ஒரு தடவையில் 10,000 ரூபாய் வரையில் பணம் எடுத்துக் கொடுக்கலாம். இந்த ஏற்பாட்டின் நன்மையை நான் மறுக்கவில்லை. வங்கிக் கிளைக்குப் போக ஒரு நாள் கூலியையும் பஸ் கட்டணத்தையும் இழக்க வேண்டிய மலைவாசிக்கு, முகவரே ஊருக்கு வந்து பணம் கொடுப்பது பெரிய உபகாரம். குறை என்னவென்றால், கணக்குக்கு உடையவர் தனியாகக் கேட்டுக்கொள்ளாமலே இவ்வாசல் பெரும்பாலும் திறந்து வைக்கப்பட்டிருப்பதும், அப்படி ஒரு வாசல் தம் கணக்கில் இருப்பதையே பலர் அறியாதிருப்பதும்தான். ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதவர், லிங்க் எதையும் தொடாதவர், செல்போனே இல்லாதவர் ஆகிய எல்லோருடைய பணமும் இவ்வாசலால் போகக்கூடும். உபதேசங்கள் அனைத்தையும் அட்சரம் பிசகாமல் கைக்கொண்டாலும் பிரயோஜனமில்லை.

“அப்படியானால் ஆதார் ரேகையைப் பூட்டி வைத்துக்கொள்ளலாமே, அதற்கென்று செயலி இருக்கிறதே” என்று பட்டணத்து நண்பர்கள் சொல்லுகிறார்கள். ஸ்மார்ட்போனும், தடையில்லாத அலையும், கார்டும் உள்ளவர்களுக்கு அது தக்க யோசனையே. தேவனூர் நாட்டு அம்மாள் தம் ரேகையைப் பூட்டினால், திருடனுக்கு மூடும் அதே கதவு நியாய விலைக் கடையிலே அவருக்கும் மூடிக்கொள்ளும். ரேகையை நம்பியே அன்றாடம் வாழ வேண்டும் என்று விதித்துவிட்டு, அந்த ரேகையைப் பூட்டிக்கொள் என்று சொல்லுவதால் ஏழைக்கு என்ன பயன்? கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். கார்டு தொலைந்தால் புதிது வாங்கலாம். களவுபோன விரலுக்கு மாற்று விரல் எவராலும் தர முடியாது.

கம்ப்யூட்டர்களுக்குள் அத்துமீறிப் புகுவோரின் சரித்திரத்தைப் பார்த்தால், அவர்களைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் மகா யந்திரங்கள் அல்ல, கணக்கில் சிரத்தையுள்ள மனிதர்களே என்பது புலனாகும். 1986 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆராய்ச்சிக் கூடத்திலே, வான சாஸ்திரம் படித்தவராகிய கிளிஃபோர்டு ஸ்டோல் என்பவர் கம்ப்யூட்டர் நிர்வாக வேலைக்கு மாற்றப்பட்டார். கம்ப்யூட்டரை உபயோகித்த நேரத்துக்குரிய கட்டணக் கணக்கில் 75 சென்ட் பொருந்தாமல் நின்றது. நம் ஊர்க் கணக்குப் பிள்ளைகள் பைசாவைத் தேடுவதுபோல அவர் அந்த 75 சென்டைத் தேடத் தொடங்கினார். தேடிய வழி கடல் கடந்து ஜெர்மனியின் ஹானோவர் நகரத்தில் போய் முடிந்தது. அங்கிருந்த சிலர் அமெரிக்க ராணுவக் கம்ப்யூட்டர்களில் நுழைந்து, கிடைத்ததைச் சோவியத் உளவு ஸ்தாபனத்துக்கு விற்று வந்தனர் என்பது தெரிய வந்தது. முக்கால் டாலருக்கும் கணக்குக் கேட்டார் ஒருவர். அதனால் ஒரு பெரிய சூது வெளிப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. அது நிகழ்ந்தது கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1904 இல் தோன்றிய சிட்டி யூனியன் பாங்கில். தேசங்களுக்கிடையே பணம் அனுப்புவதற்கு உலக வங்கிகளெல்லாம் ஸ்விஃப்ட் என்ற செய்தி வலையை உபயோகிக்கின்றன. அனுப்பப்பட்ட ஒவ்வோர் ஆணைக்கும் ஒப்புகைச் செய்தி திரும்பி வந்து, ஒரு பிரிண்டரில் அச்சாகும். 2018 பிப்ரவரி 6 ஆம் தேதி மாலையில் அந்தப் பிரிண்டர் வேலை செய்யவில்லை. மறுநாள் காலையில் கணக்கைச் சரிபார்த்தபோது, வங்கி கொடுக்காத மூன்று ஆணைகள் வங்கியின் பெயராலே போயிருப்பது தெரிந்தது: 5 லட்சம் டாலர் நியூயார்க் வழியாகத் துபாய்க்கும், 3 லட்சம் யூரோ ஃபிராங்ஃபர்ட் வழியாகத் துருக்கிக்கும், 10 லட்சம் டாலர் நியூயார்க் வழியாகச் சீனாவுக்கும். துபாய்க்குப் போன தொகை வழியிலேயே தடுக்கப்பட்டுத் திரும்பியது. மற்றவற்றை மீட்கும் முயற்சிகள் உடனே தொடங்கின. அந்தப் பிரிண்டர் தற்செயலாகப் பழுதாகவில்லை. புகுந்தவர்களே அதன் வாயை அடைத்திருந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2016 பிப்ரவரியில், வங்காள தேசத்து மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் களவுபோனபோதும் முதலில் மௌனமானது ஒரு பிரிண்டர்தான்.

சிட்டி யூனியன் பாங்கின் சம்பவத்தில் நான் போற்றுவன இரண்டு. மறுநாள் காலையிலேயே வரவையும் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்த அந்தக் கணக்கு ஒழுங்கு ஒன்று. அந்த மாதம் முடியுமுன்னரே, தங்கள் கதவு திறக்கப்பட்டது என்பதை வங்கி தானே பங்குச் சந்தைக்கும் ஜனங்களுக்கும் அறிவித்தது என்பது மற்றொன்று. அறிவித்ததால் அந்த வங்கி அழிந்துபோகவில்லை. இன்றும் வியாபாரம் செய்து வருகிறது. களவை ஒப்புக்கொண்டால் மதிப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சும் அதிகாரிகள் இந்த உதாரணத்தை நினைவில் வைக்க வேண்டும்.

இதற்கு மாறானது 2019 இல் கூடங்குளத்தில் நடந்தது. அணுமின் நிலையத்தைச் சார்ந்த கம்ப்யூட்டர் ஒன்றில் வேவு பார்க்கும் நச்சுநிரல் நுழைந்திருப்பதாகச் செய்தி பரவியபோது, அக்டோபர் 29 ஆம் தேதி நிலையத்தின் சார்பில் வெளியான அறிக்கை, அவ்வகைத் தாக்குதலுக்கு அங்கே இடமே இல்லை என்றது. மறுநாளே, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம், நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்றும், செப்டம்பர் 4 ஆம் தேதியே அது பற்றித் தேசியக் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு தங்களுக்குத் தெரிவித்திருந்தது என்றும், பாதிக்கப்பட்டது நிர்வாகக் காரியங்களுக்கான கம்ப்யூட்டரே, உலையை இயக்கும் உள்வலையன்று என்றும் பிரகடனம் செய்தது. பிந்திய விளக்கம் உண்மையாக இருக்கலாம். நான் அதைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் செப்டம்பரில் தெரிந்த ஒன்றை அக்டோபர் இறுதி வரையில் சொல்லாமல் வைத்து, கேட்டபோது இல்லவே இல்லை என்று மறுத்து, மறுநாள் ஆம் என்பதால், அணு உலைக்கு அருகில் குடியிருக்கும் கடற்கரைக் கிராமத்து ஜனங்கள் அடுத்த முறை எந்த அறிக்கையை நம்புவார்கள்? நச்சுநிரலை ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நீக்குவது நிபுணர்களுக்குச் சில வாரத்து வேலை. குலைந்த நம்பிக்கையை மீண்டும் கட்டுவதற்குப் பல வருஷங்கள் ஆகும்.

நம் விஷயத்துக்கு இன்னும் நெருங்கியது 2021 இல் வெளியான ஒரு செய்தி. தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டத்தில் பதிந்துள்ளவர்களுள் ஏறத்தாழ 50 லட்சம் பேருடைய விவரங்கள் (ஆதார் எண், முகவரி, குடும்பத்தாரின் உறவுமுறை, சிலருடைய செல்போன் எண் ஆகியவை) இணையத்தின் ஒரு மூலையில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடந்தன என்று பெங்களூரைச் சேர்ந்த பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அறிவித்தது. பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதின; பிறகு அப்பேச்சு ஓய்ந்தது. அந்த 50 லட்சம் பேரில் கொல்லிமலையைச் சேர்ந்தவர் யார் யார் என்று அறிய ஒரு குடும்ப அட்டைக்காரருக்கு இன்றளவும் வழி ஏதேனும் உண்டா? நியாய விலைக் கடையின் பலகையில் அரிசி இருப்பு இவ்வளவு, பருப்பு இருப்பு இவ்வளவு என்று எழுதி வைக்கிறோம். அதே பலகையில், உங்கள் கடை அட்டைதாரர்களின் விவரங்கள் வெளியே போயிருக்கின்றன, இன்னின்ன விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள் என்று இரண்டு வரி தமிழில் எழுதி வைக்கச் சுண்ணக்கட்டி ஒன்றுக்கு மேல் செலவாகாது.

பணம் போய்விட்டால் என்ன பரிகாரம் என்பதையும் பார்ப்போம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 ஆம் தேதி பிறப்பித்த சுற்றறிக்கை, ஏழைகளின் பக்கம் நின்று எழுதப்பட்ட நல்ல ஆணை என்று சொல்லுவேன். வாடிக்கையாளரிடமும் வங்கியிடமும் பிழையின்றி இடையிலே எங்கோ நேர்ந்த களவாயின், வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர் புகார் கொடுத்தால், அவருக்கு ஒரு காசு நஷ்டமும் சேரலாகாது. புகார் கிடைத்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். வாடிக்கையாளர்மீது பிழை உண்டு என்று நிரூபிக்கும் பாரம் வங்கியையே சேரும். நான்காவது வேலை நாள் முதல் ஏழாவது வேலை நாள் வரையில் புகார் செய்தால் ஒரு வரம்புக்கு உட்பட்ட நஷ்டத்தை அவர் ஏற்க வேண்டும்; சாதாரணச் சேமிப்புக் கணக்கினும் எளிய அடிப்படைக் கணக்குக்கு அவ்வரம்பு 5,000 ரூபாய். ஏழு நாளும் கடந்தால், அவ்வங்கி தானே வகுத்த கொள்கைப்படி நடக்கும்.

இந்த மூன்று நாள் அவகாசம் தேவனூர் நாட்டில் எப்படிக் கழியும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கணக்கில் பதிந்த செல்போன் எண், திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகனுடையதாக இருக்கும். செவ்வாய்க்கிழமை பகலில் வெளி மாநிலத்தில் யாரோ 10,000 ரூபாயை எடுக்கிறான், உடனே எஸ்.எம்.எஸ். வருகிறது, அது ஆங்கிலத்தில், சுருக்கெழுத்துகளும் எண்களுமாக, கடன் கொடுக்கிறோம், பரிசு விழுந்தது என்ற இருபது செய்திகளுக்கு இடையில் வந்து கிடக்கிறது. மகன் இரவு வேலை முடித்துத் தூங்கிப் போகிறான். தாயார் அடுத்த மாதம் உரிமைத் தொகை எடுக்கப் போகும்போதோ, பாஸ்புக்கில் என்ட்ரி போடும்போதோதான் உண்மை தெரிகிறது. ரிசர்வ் வங்கியின் கணக்கில் அவகாசம் எஸ்.எம்.எஸ். வந்தபோதே ஓடத் தொடங்கி, எப்போதோ முடிந்துவிட்டது. சட்டம் அவருக்கு அளித்த பாத்தியதை, அவருக்குப் புரியாத பாஷையில், அவர் கையில் இல்லாத போனுக்கு வந்து, அவர் அறியாமலே காலாவதியாகிவிட்டது. கும்பகோணத்து வங்கி தன் கணக்கை மறுநாள் காலையில் ஒப்பிட்டுப் பார்த்தது. மலையிலுள்ள அம்மாளுக்கு அதே வசதியை யார் செய்து கொடுத்திருக்கிறார்கள்?

ஆகவே அறிவிப்பு என்பது வாடிக்கையாளர் படிக்கும் பாஷையில், அதாவது இங்கே தமிழில், இருந்தாலொழிய அவகாசக் கணக்கு ஓடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி திருத்தம் செய்ய வேண்டும். போன் இல்லாதவர்க்கும், பிறர் போனைக் கொடுத்திருப்பவர்க்கும், பாஸ்புக்கில் பதிவு விழுந்த நாளையே அறிவிப்பு நாளாகக் கொள்ள வேண்டும். ரேகை வழியாகப் பணம் எடுக்கும் வசதி, கேட்டவர்க்கு மட்டும் திறக்கப்படுவதாகவும், முதன்முதல் திறக்கும்போது வங்கியில் ஓர் உத்தியோகஸ்தர் அதன் தன்மையை வாயால் விளக்கிச் சொல்லுவதாகவும் இருக்க வேண்டும். பொய்ப் புகார்கள் பெருகிவிடும் என்று வங்கிகள் ஆட்சேபிக்கலாம். எந்த யந்திரத்தில், எந்த முகவர், எந்த ஊரில், எத்தனை மணிக்குப் பணம் எடுத்தார் என்ற சாட்சியம் முழுவதும் வங்கிகளின் கையிலேதான் இருக்கிறது. கொல்லிமலையில் களை வெட்டிக்கொண்டிருந்தவர் அதே நாளில் வெளி மாநிலத்தில் விரல் வைத்திருக்க முடியுமா என்று தீர்மானிக்க நெடிய விசாரணை தேவையில்லை. அதிகாரிகள் ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன்: உயிருள்ள விரலையும் அச்சையும் பிரித்தறியும் புதிய முறையை ஆதார் ஆணையம் 2023 இல் கொண்டுவந்தது, முகவர்களை வங்கிகள் தீர விசாரித்தே நியமிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் கட்டளை 2025 ஜூனில் பிறந்து, 2026 ஜனவரி 1 முதல் அமலுக்கு வருமாறு செய்யப்பட்டது. இவை வரவேற்கத் தக்கவை. ஆனால் இரண்டும் இனிமேல் நடக்கும் களவைக் குறைப்பதற்கே. பறிகொடுத்தவரின் கதியை அவை மாற்றுவதில்லை.

2023 இல் பார்லிமெண்டு நிறைவேற்றிய தனிமனிதத் தரவுப் பாதுகாப்புச் சட்டமாவது இக்குறையைத் தீர்க்குமா என்று படித்துப் பார்த்தால், மனம் சோர்வடைகிறது. பிறருடைய விவரங்களைக் காக்கத் தவறிய ஸ்தாபனத்துக்கு 250 கோடி ரூபாய் வரையிலும், களவை உரியவர்க்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் அறிவிக்கத் தவறினால் 200 கோடி ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க அதில் இடம் உண்டு. அறிவிக்க வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கியது பெரிய முன்னேற்றமே. ஆனால் அந்த அபராதம் முழுவதும் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்கே போய்ச் சேரும். விவரம் களவுபோனவருக்கு அதில் ஒரு ரூபாயும் இல்லை. கவனக் குறைவால் நேர்ந்த நஷ்டத்துக்குக் கம்பெனிகளிடம் ஈடு கேட்கப் பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவை நீக்குவதற்கும் இச்சட்டமே வழி செய்திருக்கிறது. மத்திய சர்க்கார், தான் குறிப்பிடும் அரசு அமைப்புகளுக்கு இச்சட்டத்திலிருந்தே விலக்கு அளிக்கலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. நிர்ப்பந்தம் செய்து ரேகையை வாங்கியது சர்க்கார். காவல் தவறியதற்குப் பொறுப்பு ஏற்பதிலும் சர்க்காரே முதலில் நிற்பதுதான் ராஜ தர்மம். தமிழ்நாட்டு அரசு, தன் இலாகாக்களிலிருந்து எந்த விவரம் வெளியே போனாலும் உரிய குடும்பங்களுக்கு ஊராட்சி வழியாகத் தமிழில் அறிவிப்பதென்று தானே ஓர் ஆணை பிறப்பிக்கலாம். அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

மலையிலும் மலைக்குக் கீழேயும் உள்ள வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு முதியவர்களின் பாஸ்புக்கை மாதம் ஒரு முறையேனும் வாங்கி என்ட்ரி போட்டுப் படித்துக் காட்டுங்கள். ரேகை வழியாகப் பணம் எடுக்கும் வசதி வேண்டாதவர்களின் கணக்கில் அதை நிறுத்தி வைக்குமாறு வங்கிக்கு எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். அறியாத செலவு ஒன்று கண்ணில் பட்டால் அன்றே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். போன் எட்டாத இடமாயின், வங்கிக் கிளைக்கு நேரே போய் எழுத்தில் புகார் கொடுங்கள். கொடுத்த புகாருக்குத் தேதியும் முத்திரையும் உள்ள ஒப்புகையை வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று நாளா, நான்கு நாளா என்ற வழக்கு அந்தத் தேதியைக் கொண்டே தீர்மானிக்கப்படும்.